முத்திரைத் தீர்வை

நெல் ஆலையில் கணக்கெழுதுகிறவள் நான்.
மூட்டைக்கு எவ்வளவு ஈரம் கழிக்கலாம் என்று
கையை விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன்.
எனக்கே தப்பிப்போன கணக்கு இது.

பரந்தனில் இரண்டு பரப்பு.
ஒரு கிணறு, ஏழு தென்னை,
மூன்று அறைக்குச் சுவர்; ஒன்றுக்கும் கூரையில்லை.
இருபத்திரண்டு லட்சம்.
சீட்டு, சங்கிலி, ரூபகாந்தனின் லான்ட்மாஸ்டர்
எல்லாம் விழுந்து இருபத்தைந்து சேர்ந்தது.
மிச்ச மூன்றையும் ஓர் உறையில் போட்டு
மேலே எழுதி வைத்தோம்: கூரை.

விற்கிறவர் கனடாவில்.
அவருக்காகக் கையெழுத்து வைக்க
மருமகனிடம் அற்றோணித் தத்துவம்.
சைவசமயப் பாடத்தில்
முப்பத்தாறு தத்துவம் பாடமாக்கியவள் நான்.
இது முப்பத்தேழாவது.

நொத்தாரிசு அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கேட்டார்:
"காணிக்காசு சரி பிள்ளை, மற்றக் காசு?"
முதல் லட்சத்துக்கு நூற்றுக்கு மூன்று,
மிச்சத்துக்கு நூற்றுக்கு நாலு.
அவர் கல்குலேற்றரைத் தேட முன்னம்
எண்பத்தேழாயிரம் என்றேன்.
"அது நீங்கள் வாங்கிற விலைக்கு.
அரசாங்கத்துக்கெண்டு ஒரு விலை இருக்கு."

அந்த விலை மோட்டார் சைக்கிளில் வந்தது.
காப்பெற் வீதிக்கு எழுபது மீற்றர் என்று குறித்தது.
தென்னையை எண்ணியது.
இரண்டுக்கு வட்டில்லை, ஷெல் பட்டது என்றேன்.
"மரம்தானே" என்றது.
அறைக்குக் கூரையில்லையே சேர்?
"போடத்தானே போறியள்."

ஒரே மத்தியானத்தில் என் காணி
ஒன்பது லட்சம் வளர்ந்தது.
ஓரடியும் நீளவில்லை.

விலையைக் குறைத்து எழுதியிருக்கலாம் என்றார் தரகர்,
ஆரம்பத்திலேயே ஆளைப் பிடித்திருக்கலாம் என்றார்.
நான் ஒத்துக்கொள்ளவில்லை.
நேர்மை என்று நினைக்கவேண்டாம்.
எரிந்த வீட்டுக்கு நட்டஈடு கேட்டுப் போனபோது
தாளில் இருந்ததுதான் வீடு என்று
எங்களுக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறார்கள்.

பதிவகத்தில் இன்னொரு படிவம்.
முப்பது வருடத்துக்குத் தோம்பு பார்க்க.
தலைப்பில் பெரிதாக: தேடுதல்.
துணைக்கு வந்த மச்சாள்
அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
அவள் அண்ணனுக்காக நிரப்பிய படிவங்களுக்குக் கட்டணம் இல்லை,
பதிலும் இல்லை.
எனக்கு இரண்டு கிழமையில் வந்தது:
வில்லங்கம் எதுவும் காணப்படவில்லை.
மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்,
அவள் மற்றப் பக்கம் திரும்பும்வரை பொறுத்திருந்து.

வங்கியில் உறை திறந்தது.
முத்திரைத் தீர்வை ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரம்.
நொத்தாரிசு, நில அளவையாளர், பதிவு,
போட்டோக்கொப்பிக்காரப் பெடியன்.
"இவ்வளவுக்கும் என்ன தருவியள்?"
ரூபகாந்தன் பகிடியாய்த்தான் கேட்டான்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பிள்ளை
யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ரசீது."

உறுதியை நான்குமுறை வாசித்தேன்.
வடக்கே இன்னார் காணி, கிழக்கே ஒழுங்கை,
தெற்கே வாய்க்கால்,
மேற்கே பெயர் தெரியாத ஒருவரின் பங்கு.
நடுவில்
கந்தவனம் மகள் தர்மிலா.
நிவாரண அட்டையில், முகாம் பதிவில்,
எத்தனையோ தாளில் நான் இலக்கமாக இருந்திருக்கிறேன்.
நாலு பக்கமும் எல்லை போட்டு
நடுவில் ஒருவரும் என்னை எழுதியதில்லை.
அந்தக் காசுக்கு இதுவும் சேர்த்தி என்றால்,
சரி, கொஞ்சம் ஆறுதல்தான்.

மீந்தது ஓர் அறைக்குத் தகரம்.
ஐப்பசி மழை மற்ற இரண்டு அறையிலும் குடியிருக்கிறது,
தீர்வை கட்டாமல்.
நாங்கள் பாயை இழுத்து இழுத்துப் படுக்கிறோம்.
உறுதி மட்டும் பால்மா ரின்னுக்குள்
காய்ந்து கிடக்கிறது.

விடிய எழும்பிப் பார்த்தால்
வட்டில்லாத தென்னையின் பொந்திலிருந்து
ஒரு கிளி தலையை நீட்டுகிறது.
அந்த மரத்துக்கும் சேர்த்துத்தான் கட்டியது.
இருக்கட்டும்.